அடுத்த வருஷம் என்ன ஆச்சு?: 1951ஆம் ஆண்டின் கனடிய ஃபுட்பால் பருவமும் இடம்பெயரும் நிறக்கோடும்

1

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் விளையாட்டும் இனவாதமும் பற்றிப் பேசினேன். பேச்சின் நடுவே பெர்னி கஸ்டிஸ் என்கிற கறுப்பின ஆட்டக்காரரின் கதையைச் சொன்னேன். அவர் ஆட விரும்பிய இடத்தை அமெரிக்காவில் அவருக்குத் தர மறுத்தார்கள். எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார். 1951இல் ஹாமில்டன் நகரத்து அணிக்கு அதே இடத்தில் ஆடி, அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலிலும் இடம் பெற்றார். கதை நன்றாகத்தான் இருந்தது. கேட்டவர்கள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. எனக்கும்தான். அப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தோழி ஒருவர் கேட்டார்: "சரிங்க, அடுத்த வருஷம் என்ன ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியும். 1952இல் அதே அணி அவரை அந்த இடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் போட்டது. தெரிந்தும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். சொன்னால் கதை கெட்டுப்போகும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குத் தாமதமாக நான் சொல்லும் பதிலாக இந்தக் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம்.

'முதல் கறுப்பர்' என்று சொல்லும்போது அந்த 'முதல்' என்ற சொல்லில் ஒரு தந்திரம் இருக்கிறது. கதவு திறந்த நாளை அது கொண்டாடும். உள்ளே போனவரை எங்கே உட்கார வைத்தார்கள், எத்தனை நாள் உட்கார விட்டார்கள் என்று கேட்காது. கஸ்டிஸின் 1951ஐ இந்தக் கேள்விகளோடு திரும்ப வாசித்தால், நிறக்கோடு எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் தெளிவாகிறது. கோடு வாசலில் மட்டும் போடப்படுவதில்லை. வாசலைத் திறந்த பிறகு அது உள்ளே நகர்ந்துபோய், முடிவெடுக்கிற இடத்தைச் சுற்றி நின்றுகொள்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

2

முதலில் ஆட்டத்தைப் பற்றி. ஃபுட்பால் என்றதும் நம் நினைவுக்கு வருகிற, காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை இது. ரக்பியிலிருந்து கிளைத்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், முன்னால் ஓடுகிறவருக்கு எறியலாம். எதிரணி ஆளை மோதிக் கீழே தள்ளித் தடுக்கும். அமெரிக்க ஆட்டத்தில் ஓர் அணிக்கு 11 பேர். பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள். கனடாவில் 12 பேர், மூன்றே முயற்சிகள். 1951இல் கனடிய மைதானம் 110 கெஜ நீளம், 65 கெஜ அகலம். அமெரிக்க மைதானத்தைவிட நீளத்திலும் அகலத்திலும் பெரியது. முயற்சி குறைவு, வெளி அதிகம். எனவே சட்டென்று யோசிக்கிற, தூரமாக எறியத் தெரிந்த, தேவைப்பட்டால் தானே ஓடக்கூடிய ஆளுக்கு அங்கே கூடுதல் மதிப்பு.

இந்த ஆட்டம் விடாமல் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி. ஒன்று முடிந்ததும் பந்தை வைத்திருக்கிற அணி வட்டமாகக் கூடித் தலைகுனிந்து நிற்கும். அந்த வட்டத்துக்குள் ஒரு குரல் மட்டும் பேசும். அடுத்து யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும், பந்து யார் கைக்குப் போகும் என்று அந்தக் குரல் சில வினாடிகளில் சொல்லி முடிக்கும். மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். விவாதம் கிடையாது. அந்தக் குரலுக்கு உரியவர்தான் குவார்ட்டர்பேக். அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகளில் அடுத்த வியூகம் என்ன என்று தீர்மானிப்பவரும் அவரே.

ஆக, அது களத்தில் நிற்கிற ஓர் இடம் மட்டும் இல்லை. பேசுகிற இடம். மீதி பதினொரு பேரும் கேட்டாக வேண்டிய இடம். கறுப்பர் ஒருவர் அந்த இடத்தில் நின்றால் வெள்ளையர்கள் தலைகுனிந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1951இல் இன்றுள்ள கனடிய ஃபுட்பால் லீக் கிடையாது; அது 1958இல் வந்தது. கிழக்கே ஹாமில்டன், டொரொன்டோ, ஒட்டாவா, மாண்ட்ரியல் ஆகிய நான்கு நகர அணிகள் ஒரு சங்கமாக ஆடின. மேற்கே தனிச் சங்கம். இரண்டு பக்கமும் வென்றவர்கள் நவம்பர் கடைசியில் கிரே கோப்பைக்கு மோதுவார்கள். அந்த ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி டொரொன்டோவில் ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ், சஸ்காட்ச்வான் ரஃப்ரைடர்ஸை 21–14 என்று வென்றது. (இரண்டு அணிக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் வைத்திருந்தார்கள். அதன் வேடிக்கை தனிக் கதை.) பதிவேடுகளில் 1951 என்றால் இந்த 21–14தான் முன்னால் நிற்கும். நான் பார்க்க விரும்புவது கோப்பையை வெல்லாத ஹாமில்டனை.

3

பெர்னி கஸ்டிஸ் 1928இல் வாஷிங்டனில் பிறந்தவர். பிலடெல்பியாவில் வளர்ந்து, சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக்காகப் பெயர் எடுத்தார். 1951இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரைப் பதினோராம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. அதன் பயிற்சியாளர் பால் பிரவுன்.

இந்த பால் பிரவுனைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கதையில் வில்லன் வேடம் கொடுத்து ஒதுக்கிவிடக் கூடியவர் அல்ல அவர். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகில் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பர்கூட இல்லை. எழுதப்படாத தடை. 1946இல் அந்தத் தடை உடைந்தபோது உடைத்தவர்களில் பால் பிரவுனும் ஒருவர். போட்டி லீகில் புதிதாகத் தொடங்கிய தன் அணிக்கு பில் வில்லிஸ், மரியன் மாட்லி என்ற இரண்டு கறுப்பர்களைக் கொண்டுவந்தார். இருவரும் பிறகு ஆட்ட வரலாற்றின் பெரிய பெயர்கள். அதாவது வாசலைத் திறந்த கை இது.

அதே கைதான் 1951இல் கஸ்டிஸை குவார்ட்டர்பேக் இடத்துக்கு விடவில்லை. தற்காப்பில், பின்னால் நிற்கிற இடத்துக்கு மாற்றப் பார்த்தார்கள். கஸ்டிஸ் சம்மதிக்கவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்றார். விட்டார்கள், ஒரு நிபந்தனையோடு. வேறெந்த அமெரிக்க அணிக்கும் போகக் கூடாது. கனடாவுக்கு வேண்டுமானால் போகலாம்.

வில்லிஸ் முன்வரிசையில் மோதுகிறவர். மாட்லி பந்தோடு மோதி ஓடுகிறவர். இரண்டும் உடலின் வலுவைக் கேட்கிற இடங்கள் என்று ஆட்ட உலகம் நம்பியது. குவார்ட்டர்பேக் இடம் மூளையின் இடம் என்றும் நம்பியது. எனவே நம்மில் பலர் இதை 'உடல் - மூளை' என்ற இருமையாக வாசித்து முடித்துவிடுவோம். கறுப்பரிடம் உடலை மட்டும் காண்கிற காலனியப் பார்வை என்போம். தப்பில்லை. ஆனால் போதாது.

ஏன் போதாது என்றால், கிளீவ்லாந்தில் குவார்ட்டர்பேக் யோசிக்கவே வேண்டியதில்லை. அடுத்த வியூகத்தை பால் பிரவுனே ஓரத்தில் நின்று தீர்மானிப்பார். முன்வரிசை ஆட்டக்காரர் இருவரை மாற்றி மாற்றி அனுப்பி அவர்கள் மூலம் செய்தி சொல்லுவார். ஆட்ட வரலாற்றில் இது பிரபலமான ஏற்பாடு. அங்கே இருந்த வெள்ளைக் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாம்கூடப் பெரும்பாலும் வந்த செய்தியைத்தான் வட்டத்தில் சொன்னார். அப்படியென்றால் 'கறுப்பருக்கு இந்த அளவு யோசிக்க வராது' என்ற வாதத்துக்குக்கூட அங்கே வேலையில்லை. மிஞ்சுவது குரல் மட்டும். இன்னொருவர் எடுத்த முடிவையாவது கறுப்பர் ஒருவரின் வாயால் வெள்ளையர்கள் கேட்டுக்கொள்வார்களா? அந்தக் காட்சியைத்தான் அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை என்று நான் நினைக்கிறேன். பிரச்சினை அறிவு பற்றியதாக இருந்ததைவிட ஆணை பற்றியதாக இருந்தது.

"ஆட்டோ கிரஹாம் மாதிரி ஒரு ஆள் இருக்கும்போது புதுசா வந்தவருக்கு யார் இடம் கொடுப்பாங்க?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரஹாம் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆனால் கஸ்டிஸுக்கு இரண்டாம் ஆளாகக் காத்திருக்கிற வாய்ப்பும் தரப்படவில்லை. அதோடு, தனக்கு வேண்டாத ஆளை மற்ற அமெரிக்க அணிகளும் எடுக்கக் கூடாது என்று ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? திறமை போதாது என்று உண்மையிலேயே நினைக்கிறவர்கள் இப்படி நிபந்தனை போடமாட்டார்கள்.

4

ஹாமில்டன் எஃகு ஆலைகளின் ஊர். 1946இல் ஸ்டெல்கோ ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் கனடியத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கியமானது. அந்த ஊரில் இரண்டாகக் கிடந்த அணிகள் 1950இல் ஒன்றாகி டைகர்-கேட்ஸ் என்ற பெயரில் ஆடத் தொடங்கின. கஸ்டிஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். 1951 ஆகஸ்ட் 29ஆம் தேதி மாண்ட்ரியல் அணிக்கு எதிராக குவார்ட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பருவம் முழுக்க அந்த இடம் அவருடையதாக இருந்தது. நவீன காலத் தொழில்முறை ஃபுட்பாலில் இப்படி ஒரு பருவம் முழுவதும் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக ஆடிய முதல் கறுப்பர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

வாசிப்பு வட்டத்தில் இந்த இடத்தில்தான் நான் நிறுத்தினேன். நிறுத்தும்போது கனடா ஒரு புகலிடமாகவும், எல்லைக்கு இந்தப் பக்கம் இனவாதம் அந்தப் பக்கம் நியாயம் என்பதாகவும் ஒரு படம் உருவாகிவிட்டது. அந்தப் படத்தைக் கொஞ்சம் கலைத்துப் பார்ப்போம்.

1936இல் மாண்ட்ரியல் நகரில் பிரெட் கிறிஸ்டி என்கிற கறுப்பர், விளையாட்டரங்கமான ஃபோரம் கட்டடத்தில் இருந்த மதுக்கடையில் பியர் கேட்டார். கறுப்பர்களுக்குத் தருவதில்லை என்றார்கள். வழக்குப் போட்டார். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1939இல், யாருக்கு விற்பது என்பது கடைக்காரரின் சுதந்திரம் என்று தீர்ப்புச் சொன்னது. 1946 நவம்பர் 8ஆம் தேதி நோவா ஸ்கோஷியாவில் வயோலா டெஸ்மண்ட் என்ற பெண், சினிமாக் கொட்டகையில் வெள்ளையர்கள் உட்காரும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்ததற்காக இழுத்துச் செல்லப்பட்டு ஒரு ராத்திரி லாக்கப்பில் வைக்கப்பட்டார். மேல்தளச் சீட்டுக்கும் கீழ்த்தளச் சீட்டுக்கும் உள்ள வரி வித்தியாசம் ஒரு சென்ட். அந்த ஒரு சென்ட்டை அரசுக்குத் தராமல் ஏமாற்றினார் என்பதுதான் குற்றச்சாட்டு. 20 டாலர் அபராதம், 6 டாலர் செலவுத்தொகை. நிறம் என்ற சொல் குற்றப்பத்திரிகையில் எங்கும் இல்லை. (2010இல் இறந்தபின் மன்னிப்பு வழங்கினார்கள். 2018இல் பத்து டாலர் நோட்டில் அவர் படம் வந்தது.)

ஹாமில்டன் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலேயே டிரெஸ்டன் என்று ஒரு சிற்றூர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியேறியிருந்தார்கள். 'அங்கிள் டாம்' பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் என்று சொல்லப்படுகிற ஜோசையா ஹென்சன் வாழ்ந்த இடமும் அதன் பக்கம்தான். அந்த ஊர் உணவகங்கள் சிலவற்றில் கறுப்பருக்குச் சாப்பாடு கிடையாது. ஹியூ பர்னெட் என்ற தச்சுத் தொழிலாளியும் அவருடைய தோழர்களும் இதை எதிர்த்து இயக்கம் கட்டினார்கள். பாகுபாடு கூடாது என்று ஊர் விதி கொண்டுவரலாமா என 1949 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டும் என்றவர்கள் 108, வேண்டாம் என்றவர்கள் 517. வேலை தருவதில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் ஒன்டாரியோவில் வந்தது 1951இல். கஸ்டிஸ் வந்து இறங்கிய அதே ஆண்டு. உணவகம் போன்ற பொது இடங்களுக்கான சட்டம் வர 1954 ஆயிற்று.

பிறகு ஹாமில்டன் எப்படி அவருக்கு அந்த இடத்தைத் தந்தது? மாண்ட்ரியல் அலூயெட்ஸ் அணி 1946லேயே ஹெர்ப் ட்ராவிக்கைக் கொண்டுவந்திருந்தது. கனடியத் தொழில்முறை ஃபுட்பாலில் முதல் கறுப்பராக அறியப்படுபவர். அதே ஆண்டு அதே ஊரில்தான் பேஸ்பால் ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனும் ஆடினார். முன்னுதாரணம் இருந்தது. அதோடு, கனடிய அணிகள் அப்போது ஜெயிப்பதற்காக அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்துகொண்டிருந்தன. ஓர் அணி இத்தனை வெளியாட்களைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு உண்டு. வரம்பு இருந்தால் ஒவ்வோர் ஆளும் நல்ல ஆளாக இருந்தாக வேண்டும். அமெரிக்கா தன் இனவாதத்தால் வீசியெறிந்த திறமை இவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. இன்னொன்றும் உண்டு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கனடா முழுவதிலும் கறுப்பர் என்று பதிவானவர்கள் சுமார் 18,000 பேர். ஆட்டக்காரர் தனி ஆளாக வருகிறார்; சமூகமாக வரவில்லை. தனி ஆளை ஏற்றுக்கொள்வது எளிது. டிரெஸ்டன் கறுப்பர்கள் சமூகமாக இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 517க்கு 108.

மனிதர்களின் நல்லெண்ணம் இதில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கஸ்டிஸ் கனடாவிலேயே கடைசிவரை வாழ்ந்தார். பிடிக்காத ஊரில் யாரும் அப்படி வாழ மாட்டார்கள். நல்லெண்ணத்தை மட்டும் காரணமாகச் சொல்வது ஒரு தேசத்தின் சுயபுராணத்துக்கு நாம் கூலியில்லாமல் எழுதிக்கொடுப்பது ஆகும். அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

5

இப்போது தோழியின் கேள்வி.

1952இல் கஸ்டிஸ் பந்தோடு ஓடுகிற இடத்துக்கு மாற்றப்பட்டார். குவார்ட்டர்பேக் இடத்துக்கு வேறொருவர் வந்தார். முந்தின பருவத்தில் சரியாக ஆடாதவரை மாற்றினால் பேச்சில்லை. சிறந்தவர் பட்டியலில் இடம் பிடித்தவரை மாற்றினார்கள். அவர் அந்தப் புதிய இடத்திலும் நன்றாகவே ஆடினார். 1953இல் ஹாமில்டன் வின்னிபெக்கை 12–6 என்று வென்று கிரே கோப்பையை எடுத்தபோது அவரும் அணியில் இருந்தார். பிறகு ஒட்டாவாவுக்கும் ஆடினார். குவார்ட்டர்பேக்காக அவர் ஒரு முழுப் பருவம் ஆடியது அந்த 1951 மட்டும்.

"ஓடத் தெரியுது, ஓட விடறாங்க. இதுல என்ன தப்பு?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்வது கடினம். இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான். அவமதிப்பாக இருந்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். இது பாராட்டாக வருகிறது. நீ நன்றாக ஓடுகிறாய், எனவே ஓடு. பாராட்டின் வழியாகவே ஒருவரை மையத்திலிருந்து வெளியேற்ற முடியும். ஹாமில்டன் நிர்வாகத்தின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அது அவசியமும் இல்லை. தனி மனிதரின் வெறுப்பு இல்லாமலே இயங்கக்கூடியது அமைப்பு.

ஒரே ஒரு சம்பவமாக இருந்தால் தற்செயல் எனலாம். 1968இல் அமெரிக்காவில் டென்வர் அணிக்கு மார்லின் பிரிஸ்கோ குவார்ட்டர்பேக்காக ஆடினார். காயத்தால் இடம் காலியானதால் கிடைத்த வாய்ப்பு. முதல் பருவத்திலேயே எறிந்து 14 டச்டவுன்கள். அடுத்த ஆண்டு அந்த இடம் அவருக்கு இல்லை. வேறு அணிக்குப் போய்ப் பந்தைப் பிடிக்கிறவராக ஆனார். 1972இல் டொலிடோ பல்கலைக்கழகத்துக்குத் தொடர்ந்து 35 ஆட்டங்களில் தோல்வியே காணாத சக் ஈலி, நான் குவார்ட்டர்பேக்காக மட்டும்தான் ஆடுவேன் என்றார். அமெரிக்க அணி ஒன்றுகூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரும் ஹாமில்டனுக்கே வந்தார். வந்த ஆண்டே கோப்பையை வென்று கொடுத்தார். 1978இல் வாரன் மூனுக்கும் அதே கதை. எட்மண்டனுக்கு வந்து ஐந்து வருஷம் தொடர்ந்து கோப்பை வென்ற பிறகுதான் 1984இல் அமெரிக்கா அவரை அழைத்தது.

1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்க பேஸ்பாலிலும் ஃபுட்பாலிலும் யார் எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். களத்தின் மையமான, மற்றவர்களோடு அதிகம் தொடர்புகொள்கிற இடங்களில் கறுப்பர்கள் குறைவு, ஓரங்களில் அதிகம் என்பது அவர்கள் கண்டது. கிரிக்கெட்டில் இதையே சி.எல்.ஆர். ஜேம்ஸ் அரசியலாக எழுப்பினார். மேற்கிந்தியத் தீவு அணியில் மட்டையடித்தவர்களும் பந்து வீசியவர்களும் பெரும்பாலும் கறுப்பர்கள். தலைமை மட்டும் வெள்ளையருக்கு. ஜார்ஜ் ஹெட்லியை 1948இல் ஒரே ஒரு டெஸ்டுக்குத் தலைவராக்கி நிறுத்திக்கொண்டார்கள். ஜேம்ஸ் டிரினிடாடில் பத்திரிகை நடத்தி இடைவிடாமல் எழுதினார். 1960–61 ஆஸ்திரேலியத் தொடருக்கு ஃபிராங்க் வொரல் தலைவரானார். கவனிக்க வேண்டியது: ஜேம்ஸ் கேட்டது அணியில் இடம் அல்ல. அது ஏற்கெனவே இருந்தது. கேட்டது ஆணையிடும் இடம்.

இந்த 'மையம்' எங்கும் ஒரே நிறத்தில் இருக்கும் என்று சூத்திரம் ஆக்கிவிடவும் கூடாது. கனடாவில் ஓர் அணியில் இத்தனை கனடியர்கள் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தும், பல பத்தாண்டுகள் குவார்ட்டர்பேக் இடம் அந்தக் கணக்கில் சேராது. விளைவு, 1969இல் ஓய்வு பெற்ற ரஸ் ஜாக்சனுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்த உயரத்துக்குக் கனடாவில் பிறந்த குவார்ட்டர்பேக் வரவில்லை. தன் சொந்த ஆட்டத்தின் மையத்தையே கனடா பெரும்பாலும் அமெரிக்கருக்கு ஒதுக்கிவைத்தது. யார் சொன்னால் மற்றவர் கேட்பார்கள் என்ற நம்பிக்கை நிறத்தால் மட்டும் அல்ல, பேரரசின் நிழலாலும் தீர்மானமாகிறது.

6

1951 இலையுதிர்காலத்தில், கஸ்டிஸ் ஹாமில்டனில் ஆடிக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 20ஆம் தேதி ஒக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் நகரில் எடுக்கப்பட்ட ஆறு புகைப்படங்கள் இருக்கின்றன. டிரேக் பல்கலைக்கழக அணியின் ஜானி பிரைட், பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். ஆட்டம் வேறு பக்கம் போய்விட்டது. எதிரணியின் வில்பேங்க்ஸ் ஸ்மித் பந்தைப் பார்க்கவே இல்லை. நேராக பிரைட்டிடம் வந்து முகத்தில் இடிக்கிறார். தாடை உடைந்தது. முதல் ஏழு நிமிடத்துக்குள் பிரைட் மூன்று முறை நினைவிழந்து விழுந்தார். உடைந்த தாடையோடு 61 கெஜ தூரத்துக்கு ஒரு டச்டவுன் எறிந்துவிட்டுத்தான் வெளியேறினார். டான் அல்டாங், ஜான் ராபின்சன் என்ற இரண்டு புகைப்படக்காரர்களுக்கு அந்தப் படங்கள் 1952இல் புலிட்சர் பரிசைத் தந்தன. பிரைட்டைக் குறிவைக்கிறார்கள் என்ற பேச்சு முன்பே காதில் விழுந்ததால் கேமராவை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். லீக் நிர்வாகம் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. டிரேக் பல்கலைக்கழகம் எதிர்ப்புத் தெரிவித்து லீகிலிருந்தே வெளியேறியது. ஸ்டில்வாட்டர் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2005இல். பிரைட் 1983லேயே இறந்துவிட்டார்.

அந்தப் படங்களை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கஸ்டிஸை மாற்றிய முடிவுக்குப் புகைப்படம் கிடையாது என்பது இப்போதுதான் உறைக்கிறது. தாடை உடைவதைப் படம் எடுக்கலாம். ஒருவரை மையத்திலிருந்து நகர்த்துவதை எப்படிப் படம் எடுப்பது? முதலாவதைக் கண்டு நாம் கொதிக்கிறோம். இரண்டாவதைக் கதையில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம், நான் விட்டதுபோல.

பிரைட்டை 1952இல் பிலடெல்பியா அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. அவர் போகவில்லை. தெற்கு மாநிலத்து ஆட்டக்காரர்களோடு ஆடும்போது தன்னை எப்படி நடத்துவார்களோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. கால்கரிக்குப் போனார். 1954 முதல் எட்மண்டன். மூன்று கோப்பைகள், 10,909 கெஜ ஓட்டம். 1959இல் கனடிய லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற முதல் கறுப்பர். அவருக்குப் புகலிடம் தந்த அந்த எட்மண்டன் அணியின் பெயர் 'எஸ்கிமோஸ்'. வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் மக்கள் தங்களை இழிவுபடுத்துவதாகக் கருதும் பெயர். 2020இல்தான் அதைக் கைவிட்டார்கள். ஒருவருக்கு இடம் தந்த சட்டையின் மேல் இன்னொருவரின் அவமானம் எழுதியிருந்தது. பிரைட்டைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. புகலிடம் என்ற சொல்லை எவ்வளவு எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

7

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டதே என்பார்கள். ஆமாம். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் இரண்டு அணியின் தொடக்கக் குவார்ட்டர்பேக்குகளும் கறுப்பர்கள். அது நடந்தது முதல் முறை. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2022 பிப்ரவரியில், பிரையன் ஃப்ளோரஸ் என்ற கறுப்பினப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் நியமனத்தில் இனப் பாகுபாடு இருக்கிறது என்று அதே லீகின் மேல் வழக்குப் போட்டார். 1994 முதல் ஓரத்தில் இருப்பவரின் குரல் வானொலி வழியாகக் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள்ளேயே ஒலிக்கிறது. பால் பிரவுன் ஆள் விட்டுச் சொன்னதை இன்று கருவி சொல்கிறது. முடிவெடுக்கிற இடம் களத்திலிருந்து ஓரத்துக்குப் போய்விட்டது. கோட்டைப் பற்றிய சண்டையும் அங்கே போயிருக்கிறது.

கஸ்டிஸ் ஆட்டத்தை விட்டபின் ஆசிரியரானார், பள்ளி முதல்வரானார். பல அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தார். 1982 முதல் 1989 வரை ஹாமில்டனின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில். ஓரத்தில் நின்று ஆணையிடுகிற இடத்துக்கு அவரே வந்து சேர்ந்தார். 1998இல் கனடிய ஃபுட்பால் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது, 'ஆட்டக்காரர்' பிரிவில் அல்ல, 'கட்டியெழுப்பியவர்' பிரிவில். 2017இல் இறந்தார். பிரைட்டும் எட்மண்டனில் ஆசிரியராகி முதல்வரானவர். எட்மண்டனில் 2010இல் பிரைட் பெயரிலும், ஹாமில்டனில் 2019இல் கஸ்டிஸ் பெயரிலும் பள்ளிகள் திறந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "போன தடவை இதைச் சொல்லியிருந்தா கதை நல்லாத்தானே இருந்திருக்கும்?" என்றார். இருந்திருக்கும். அன்றைக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் டீ வாங்கி வந்ததும் அவர்தான் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பேச்சாளர் வரிசையில் அவர் பெயரை யாரும் போடவில்லை; நானும்தான்.